மதில் தள்ளிவிட்ட தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளம் எங்கே, எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. நம் தெருவில் முழங்கால் அளவு வரும், தரையை உயர்த்துங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். நீங்களோ அக்கா வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மதில் எழுப்பியிருக்கிறீர்கள். "நீ சொன்னதாலதானே கட்டினேன், அதுக்கும் குதிக்கிறியே" என்று போனில் வேறு கேட்கிறீர்கள்.

இன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த மதிலையும் சேர்த்து வெள்ளக் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். ஆறு அக்கா வீட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது? அங்கிருந்து வரும் தண்ணீர் மதிலில் முட்டி அங்கேயே தேங்குகிறது. நம் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அக்கா வீட்டில் மார்பளவு.

அவளுக்கு அங்கே கைக்குழந்தை இருக்கிறது அப்பா.

உங்களுக்கும் அக்காவுக்கும் நடந்த போன மாதச் சண்டையைப் பற்றி நான் பேச வரவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

இடிக்கச் சொன்னால் இடிக்க மாட்டீர்கள். நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விடுங்கள், போதும். அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், இரண்டு வீட்டிலும் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.

கதவு மட்டும் போடாதீர்கள். உங்களைத் தெரியும், பூட்டிவிடுவீர்கள்.

கோபம் தீராத,
உங்கள் சின்னவள்