தூன் வீட்டுக்குப் போகவேண்டிய விறகு

மே 9

பாலர் பள்ளியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நானும் கண் அயரப் பார்த்தேன். லிம் விடவில்லை. பள்ளிக்குச் சமைப்பவள், என் சிநேகிதி. ஊர் வம்பு முழுக்க அவள் அடுப்பில்தான் வேகும். இன்று ஓடைக்கு அக்கரையிலிருந்து கொண்டுவந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொள்ளப்போகிற தூனின் அம்மா சொன்னாராம்:

"டீச்சராம் டீச்சர். பென்சிலத் தவிர எதைச் சீவியிருக்கா? காசு குடுத்து லாரியில விறகு இறக்குவா, பாத்துக்கிட்டே இரு."

சிரித்தேன். லிம் போனபின் சிரிப்பு வரவில்லை. அம்மா கொண்டுபோனாள், அக்கா கொண்டுபோனாள். எங்கள் கொதூ மலையினத்துப் பெண் தன் கையால் வெட்டிப் பிளந்த விறகு இல்லாமல் எப்படி மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவாள்? அதைப் பார்த்துத்தானே அவளை எடைபோடுகிறார்கள்?

மே 11

தூன் பைக்கில் வந்தான். "விடு நெம். வீட்ல காஸ் அடுப்பு இருக்கு. யாரு இப்பல்லாம் விறகு பாக்குறாங்க?"

"உங்கம்மா பாக்குறாங்களே."

தலையைச் சொறிந்தான். நல்லவன்தான். அம்மாவுக்கு முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 2

கை முழுக்கக் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை.

ஜூலை 20

எங்கள் பழைய மலைக்கொல்லையில் காட்டுக் கஷ்கொட்டை மரம் நான்கை வெட்டிச் சாய்த்தாகிவிட்டது. இப்போது பிளக்கிறேன். முதலில் கோடாலி சொன்ன இடத்தில் நான் வெட்டினேன். இப்போது நான் சொன்ன இடத்தில் அது விழுகிறது. அப்பா எதுவும் பேசுவதில்லை. காலையில் பார்த்தால் கோடாலி தீட்டி வைத்திருக்கிறது.

செப்டம்பர் 13

கடைசிக் கூடையையும் முதுகில் சுமந்து இறக்கினேன். உயரக் கால்நட்டுக் கட்டிய எங்கள் வீட்டின் கீழே, மரத்தூண்களுக்கு நடுவில், இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. எல்லாம் ஒரே நீளம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நானும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் போய்ப் போய்ப் பார்க்கிறேன் — வெட்கம்கெட்டவள். அறுப்பு முடிந்ததும் கல்யாணம்.

அக்டோபர் 28

புயல். கூரைத் தகடு பறக்கிற சத்தம். மின்சாரம் இல்லை.

அக்டோபர் 29

அக்கரையில் மலை வாய் பிளந்துவிட்டதாம். வீடுகள் எப்போது சரியுமோ தெரியாது. விடியற்காலையில் இளைஞர்கள் கயிறு கட்டி அந்த ஊர் ஜனங்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். எல்லாரும் எங்கள் ஊர்ப் பொதுவீட்டில். தூன் கயிற்றோடு ஓடையிலேயே நின்றான். அவன் அம்மாவை யாரோ முதுகில் தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் அவர் தூக்கியவனையே திட்டிக்கொண்டு வந்தார் — சரியாகப் பிடிக்கத் தெரியவில்லையாம்.

சாலை அறுந்துவிட்டது. காஸ் தீர்ந்துவிட்டது. விறகென்று இருப்பதெல்லாம் பிழிந்தால் தண்ணீர் வரும்.

என்னுடையதைத் தவிர.

நான் என்ன செய்தேன்? தார்ப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டினேன். யாரும் கேட்கவில்லை. அது கல்யாண விறகென்று எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. நாலு மாசம்! என் தோள் இன்னும் நோவுது. ஏன் நான் குடுக்கணும்?

மதியம் பொதுவீட்டுக்குப் போனேன். என் வகுப்புப் பிள்ளைகள் பச்சை அரிசியை மென்றுகொண்டிருந்தார்கள். குட்டி ஆர் என்னைப் பார்த்ததும் கைநீட்டித் தன் பங்கில் கொஞ்சம் கொடுத்தாள்.

திரும்பி வந்து தார்ப்பாயை அவிழ்த்தேன். அப்பா, "அது உன் கல்யாணம்" என்றார். "ஆமாப்பா" என்றேன். அவரே முதல் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அக்டோபர் 30

நேற்று எழுத முடியாமல் விட்டது.

தீ நன்றாகப் பிடித்தது. பெரிய பானையில் கஞ்சி கொதித்தது. மூலையில் போர்வைக்குள் இருந்த தூனின் அம்மா திடீரென்று எழுந்து வந்து, அடுப்பிலிருந்து ஒரு கட்டையை உருவினார்.

"யாரு வீட்டுக் கல்யாண விறகுடி இது? அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு பொண்ணு பாடுபட்டு வெட்டினத எரிக்கிறீங்களே! பிளந்திருக்கிற அழகப் பாருங்கடி!"

நான் பானைக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன்.

லிம்தான் சொன்னாள்: "உங்க வீட்டுக்கு வரவேண்டியதுதான் அத்தை."

அவர் கட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். கட்டையைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு மூலைக்குப் போய்விட்டார். கஞ்சிகூட வாங்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

இன்று காலை போனால் — அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். லிம்மின் கையிலிருந்து கட்டையைப் பிடுங்குகிறார்.

"இம்புட்டையும் ஒரேயடியா திணிக்காத. என் வீட்டு விறகு. நான் பாத்துக்கறேன். தள்ளு."

நவம்பர் 3

அவர் வீடு மண்ணோடு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. தூன் மூன்று நாள் தூங்கி எழுந்தான்.

நவம்பர் 8

சாலை திறந்தது. என் வீட்டின் கீழே மரத்தூள் மட்டும்.

ஜனவரி 16

கல்யாணம். அக்கரைக்காரர்களுக்கு மேட்டில் கட்டிக்கொடுத்த தகரக் கொட்டகையில்.

பெண் வீட்டுப் பெரியவர் வழக்கப்படி பாட்டாகவே பேச ஆரம்பித்தார். பறவை ஒன்று கூடு கட்டச் சுள்ளி கொண்டுவந்ததாம், காற்று பிடுங்கிக்கொண்டதாம், வெறும் அலகோடு வந்து நிற்கிறதாம்... மாப்பிள்ளைப் பக்கத்துப் பெரியவர் காட்டுப்பனைக் கள்ளை ஒரு வாய் குடித்து, பதில் பாடத் தொண்டையைச் செருமினார்.

அதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து தூனின் அம்மா: "எதுக்கு இம்புட்டு இழுவை? விறகு வந்துச்சு. எங்க ஊரே அதுல பொங்கின கஞ்சியத் தின்னுச்சு. நானும் மறுநாள் தின்னேன். பொண்ண மேல ஏத்துங்க, பனியில நிக்குது."

பெரியவர்கள் பாட்டை மறந்து சிரித்தார்கள். நான் படி ஏறினேன்.

பிப்ரவரி 5

புது அடுப்புக்கு விறகு வேண்டும். பள்ளி தொடங்குமுன் போய்வரலாம் என்று விடியலில் அத்தையோடு கிளம்பினோம். தூன் ஒரு சுமை, நான் ஒரு சுமை அடுக்கினோம். முகம் கழுவித் திரும்பினால் என் கூடையில் நாலு கட்டைதான் இருந்தது. அத்தை முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூடை வழிய வழிய விறகு, திரும்பிப் பார்க்காத நடை.