எங்கட ஆள்

ஜனவரி 12, திங்கள்

மைனஸ் இருபத்திரண்டு. காலை ஐந்தரைக்கே பனி அள்ளும் வண்டியின் ஊளை. இரவுச்சட்டைக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடி, காரை எதிர்ப்பக்கத்தில் விட்டேன். போன வருடம் போல் இழுத்துக்கொண்டு போக விடவில்லை.

வேலை: யன்னல் சட்டம் வெட்டும் மெஷின் மூன்றில் ஒன்றுதான் ஓடியது. அடுத்த வாரத்திலிருந்து மூன்று நாள் வேலை என்று மேற்பார்வையாளர் லூக் சொன்னார். காரணத்துக்கு ஒரே சொல்: "தரிஃப்." இறக்குமதி வரி. பிரெஞ்சிலும் இங்கிலிஷிலும் அதே சொல். மொழிபெயர்க்கத் தேவையில்லாத கெட்ட செய்தி.

அலுமினியம் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறது. அந்த வரியைக் கட்டுவது அங்கே வீடு கட்டுகிற அவர்களுடைய சனம். யன்னல் விலை ஏறும். அதற்கும் கை தட்டுகிறார்கள். எங்களையும் ஒரு மாநிலமாகச் சேர்க்கப் போகிறாராம் அவர்களுடைய ஜனாதிபதி, அந்த மனிதர். பகிடி என்று முதலில் சிரித்தோம். லூக் இப்போது சிரிப்பதில்லை.

வாங்க: அரிசி. கறிவேப்பிலை. தோடம்பழம் (மொரோக்கோ மட்டும், கலிபோர்னியா கூடாது). கால்வலித் தைலம்.

பின்னேரம் நியூஜேர்சியிலிருந்து அண்ணை போன் எடுத்தார். மாதா கோயிலில் அம்மாவின் ஆண்டு நினைவுப் பூசைக்குப் பெப்ரவரி முதல் ஞாயிறு வழமைபோல் குடும்பத்தோடு வருகிறாராம். வேலை குறைந்ததைச் சொன்னேன். "கொஞ்சம் பொறு றீற்றா. எங்கட ஆள் எல்லாத்தையும் சரிப்படுத்துவான்" என்றார். அந்த மனிதரை அண்ணை பெயர் சொல்லிச் சொல்வதேயில்லை. எங்கட ஆள். ஏதோ எங்கள் ஊர் ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி.

கடையில் நிற்கும் சேவியரிடம் போனைக் கொடுங்கோ என்றேன். பெற்றோல் அடிக்க ஆள் நிற்குதாம், பிறகு அவனே எடுப்பானாம். எடுக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

சேவியரைப் பிடித்துவிட்டார்கள்.

குடிவரவுப் பொலிஸ், காலை பத்து மணிக்கு. அண்ணையின் பெற்றோல் கடையில். அண்ணையின் மனைவி, மச்சாள்தான் அழுதழுது சொன்னா. "நாலு பேர் றீற்றா. முகம் தெரியேல்லை, எல்லாரும் மூடிக்கொண்டு. வந்து கொண்டு போயிட்டாங்கள்."

அண்ணை எங்கே என்று கேட்டேன்.

"அவர் அப்ப கடையில இல்லை. பாங்குக்குப் போனவர்."

சேவியர் என் கணவரின் கடைசித் தம்பி. இவர் போய் நாலு வருடம், எனக்கு இவர் வழியில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள். ஒன்பது வருடமாக அகதி வழக்கு முடியாமல் கிடக்கிறது. அண்ணையிடம் நில், அவர் பார்த்துக்கொள்வார் என்று அங்கே விட்டது நான். நான்தான்.

வேலைக்குப் போனேன். சட்டம் இரண்டைக் குறுக்கி வெட்டிவிட்டேன். லூக் அவற்றை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

ஜனவரி 15, வியாழன்

கொஞ்சம் சூடு, மைனஸ் ஒன்பது. படியில் உப்புப் போட்டேன்.

மேல்மாடிப் பிரியா வந்தாள். சென்னைப் பிள்ளை, இங்கே கொம்பியூட்டர் படிக்கிறாள். படிப்பு முடிய அமெரிக்கா என்று இருந்தவள், இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மடிக்கணினியில் பிடிபட்டவர்களின் பட்டியலை அரை மணி தேடினாள். பெயரின் எழுத்தை மூன்று விதமாக மாற்றிப் போட்ட பிறகு கிடைத்தது. "இருக்காரு ஆன்ட்டி. டிடென்ஷன் சென்டர்ல. பேர் வந்திடுச்சு, அதுவே நல்லதுன்னு நினைச்சுக்குங்க." பெயர் வந்தது நல்லதுதான். எங்கள் ஊரில் இராணுவம் கொண்டுபோனவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை.

முகத்தை ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டாள். எங்கள் ஊரில் பிடிக்க வந்தவன் முகத்தை மூடவில்லை, தலையாட்டிதான் மூடியிருந்தான் என்றேன். சிரித்துவிட்டாள். "தலையாட்டின்னா பொம்மையா ஆன்ட்டி? தஞ்சாவூர் பொம்மை?"

அவள் பிழை இல்லை. அவளுக்கு அது பொம்மை. எங்களுக்கு அது சாக்கால் முகம் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்து ஜீப்பில் இருத்தின ஆள். சுற்றிவளைத்து, ஊர் ஆண்களையெல்லாம் கோயில் வளவில் வரிசையில் விட்டு, ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க விடுவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் தனி லொறி. சொல்லிக்கொண்டு போனேன். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது.

அப்படித் தலையாட்டி ஆட்டி லொறியில் ஏறினவர் எங்கள் அண்ணை. பதினாலு மாதம் உள்ளே. வந்தபோது இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. இன்றைக்கும் எழும்பாது. சாக்குக்குள் இருந்தது யாரென்று பிறகு தெரிய வந்தது. வெளியாள் இல்லை. எங்கட ஆள்தான், அண்ணையோடு ஒரே வகுப்பு வாங்கில் இருந்து படித்தவன்.

நியூஜேர்சியில் அண்ணையின் அகதி விசாரணையன்று மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். தலையாட்டி என்பதை, எதற்கும் ஆமாம் போடுகிறவன் என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டார். ஆமாம்சாமி ஒருவனால் எப்படி நீ சிறைக்குப் போனாய் என்று நீதவான் கேட்டாராம். அண்ணை எழுந்து, மேசையிலிருந்த காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்டிக் காட்டினார்.  அதோடு வழக்கு வென்றது. ஒவ்வொரு வருடமும் பூசைக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அண்ணை இதைச் சொல்வார், நாங்கள் எல்லாரும் சிரிப்போம். எல்லை தாண்டி வரமுடியாத சேவியர்தான் வீடியோவில் பெரிதாகச் சிரிப்பான்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம், கோயில் ஹீற்றர் பழுது. பிறகு கீழே மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும்.

எங்களோடு பூசைக்கு வரும் பத்திநாதர் தொடங்கினார். "சட்டப்படி இல்லாதவையை அனுப்பத்தானே வேணும்? வரிசையில நிண்டு வந்த எங்களுக்கெல்லோ மரியாதை." பத்திநாதர் எந்த வரிசையில் நின்றார் என்று எனக்குத் தெரியும். வேறொருவரின் பாஸ்போட்டில் வந்து, மிராபெல் விமான நிலையக் கக்கூசில் அதைக் கிழித்துப் போட்டவர். சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் முன்னால். அவருடைய மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனா.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு என்ன வாய்?

இங்கே ஒருவரும் பார்க்கப் போவதில்லை, எழுதுகிறேன். அந்த மனிதர் முதல்முறை தேர்தல் கேட்டபோது அண்ணைக்கு மனமில்லை. பெண்களைப் பற்றிப் பேசுகிற விதம் பிடிக்கவில்லை என்றார். வாக்கைப் போடுங்கோ அண்ணை, வயிற்றில் இருக்கிற பிள்ளைகளுக்காகப் பேசுகிறவர் என்று போனில் சொன்னது நான். எனக்கு அங்கே வாக்கில்லை. வாய் இருந்தது. வயிற்றிலிருந்து வெளியே வந்த பிள்ளைகளை எல்லையில் தகப்பனிடமிருந்து பிரித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணை அதற்குள் அந்த ஆளில் ஊறிப்போய்விட்டார்.

மற்றக் கட்சியும் தங்கம் இல்லை. அவர்களும் பிளேன் பிளேனாக அனுப்பினார்கள், முகத்தை மூடாமல், சத்தம் இல்லாமல். கனடாவும் பெரிய யோக்கியம் இல்லை. அமெரிக்காவிலிருந்து எல்லைக்கு நடந்து வருகிறவர்களைத் திருப்பி அவர்களிடமே கொடுக்கிறோம், பிறகு தொப்பியில் மேப்பிள் இலையைக் குத்திக்கொண்டு நாங்கள் நல்லவர்கள் என்கிறோம். இல்லாவிட்டால் சேவியரை எப்போதோ இங்கே கூப்பிட்டிருப்பேன்.

ஆனால் இவரை நம்பின சனம் வேறு மாதிரி ஏமாந்தது. விலை இறங்கும் என்றார். கள்ளரையும் கொலைகாரரையும்தான் பிடிப்போம் என்றார். இவ்வளவு காலமும் எங்கள் சனம் சிகரெட் விற்று, மலக்கூடம் கழுவி, கிழவர்களைக் குளிப்பாட்டிக் கட்டின வரிக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்தோம். நாங்கள் வேலை செய்கிறதைப் பார்க்கிறார்கள், ஒருநாள் தங்களில் ஒருவராக எண்ணுவார்கள் என்று. எண்ணவில்லை. எண்ணுகிற மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

வேலை இல்லாத நாள். உறைபனி மழை.

- வக்கீல் அம்மாவோடு பேசினேன் (பிரியா ஸ்பீக்கரில் உதவி). நல்ல மனுஷி, வேகமாகப் பேசுகிறா.
- வழக்கு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எந்த நாளும் வரலாம்.
- அவசரமாகத் தேவை: ஓர் அமெரிக்கக் குடிமகன் தரும் கடிதம். இவரை ஒன்பது வருடமாகத் தெரியும், ஒழுங்கானவர், என் பொறுப்பில் தங்குவார் என்று.
- அது அண்ணைதான். வேறு ஆர்?

அண்ணைக்கு எடுத்தேன்.

"பாப்பம்" என்றார்.

"பாக்க நேரமில்லை அண்ணை. வெள்ளிக்கு முதல் வேணும்."

"கடையின்ர பேர் அதில வரும். அவங்கள் திரும்பி வருவாங்கள். நீ அங்க இருந்து சுகமாக் கதைப்பாய்."

பிறகு, பூசைச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி போதுமா, கோழியும் வேண்டுமா என்று கேட்டார்.

பைப்பில் நீர் உறைந்திருந்தது. ஹெயர் டிரையர் பிடித்து உருக்கினேன்.

ஜனவரி 22, வியாழன்

சேவியர் பேசினான். பதினைந்து நிமிடம். இடையிடையே இது பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு பெண் குரல்.

சாப்பாடு பரவாயில்லையாம். குளிராம், ஒரே ஒரு போர்வை. பக்கத்துக் கட்டிலில் குவாத்தமாலாக்காரர், ஜெபமாலை சொல்லும்போது சேர்ந்து சொல்கிறாராம். அவர் தன் மொழியில், இவன் தமிழில்.

பிடித்த விதத்தைக் கேட்டேன். முதலில் சொல்ல விருப்பமில்லை.

"கடையில நாங்கள் மூண்டு பேர் அண்ணி. நான் பின்னுக்கு ஸ்டோரில பெட்டி அடுக்கிக்கொண்டு நிண்டனான். மற்றப் பெடியன் பெற்றோல் பம்பில. அவங்களிட்ட என்ர பேர் இருந்தது, படம் இல்லை. முன்னுக்கு அவங்கள் ஏதோ விசாரிச்ச சத்தம் கேட்டது. பேந்து ஒருத்தனும் கடையைத் தேடேல்லை, நேர ஸ்டோருக்கு வந்தவங்கள்."

"முன்னுக்கு ஆர் நிண்டது?"

அந்தப் பெண் குரல் இடையில் வந்து போனது.

"அண்ணைதான். கல்லாவில."

பாங்குக்குப் போனவர் அல்லவா, என்றேன்.

"அண்ணி, அவரோட கோவிக்காதேங்கோ. பாவம், பயந்திட்டார். அம்மான்ர பூசையைக் குழப்பிப் போடாதேங்கோ, என்ன?"

நேரம் முடிந்தது என்று அந்தப் பெண் குரல் சொன்னது. போனை வைத்துவிட்டுப் படிக்கு இன்னொருமுறை உப்புப் போட்டேன்.  

ஜனவரி 23, வெள்ளி

கடிதம் வரவில்லை.

வேலை. சட்டம் எண்பது. பிழை இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

பனி நின்று வெயில். மைனஸ் பதினெட்டு, ஆனாலும் கண் கூசும் வெயில். கோயிலுக்குப் போகவில்லை.

பதினொரு மணிக்கு வீடியோவில் அண்ணை. குசினி மேசையில் இருக்கிறார். பின்னால் மச்சாள் வெங்காயம் வெட்டுகிறா. பூசைக்குப் பெயர் கொடுத்தாயா, எத்தனை பேர் சாப்பாடு, எல்லைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கடிதத்தைக் கேட்டேன். மச்சாள் வெட்டுவதை நிறுத்தினா.

"அது சரிவராது றீற்றா. எங்கட ஆள் நல்லதுக்குத்தான் செய்யிறான். சேவியரில பிழை இல்லையெண்டா விட்டிடுவாங்கள்."

எழுதி வைத்துக்கொண்டு கேட்கவில்லை. வாயில் வந்தது.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் பாங்குக்குப் போகேல்லை."

அண்ணை கையிலிருந்த தாளை மடித்தார்.

"அவங்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்து, ஆர் சேவியர், எங்க நிக்கிறான் எண்டு கேட்டவங்கள். நீங்கள் முன்னுக்கு நிண்டனீங்கள். நீங்களோ காட்டினது?"

கமராவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. என்னையும் ஒருவன் காட்டினவன் என்பாரோ, எனக்கும் பேப்பர் பறிபோகும் என்று பயம் என்பாரோ என்று காத்திருந்தேன். ஏதாவது ஒரு சொல் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்று இருந்திருக்கும்.

 தலையை ஆட்டினார். மேலும் கீழும், ஒருமுறை.

மச்சாள் எழும்பிக் கமராவுக்கு வெளியே போய்விட்டா. வெங்காயம் பலகையில் கிடந்தது.

அண்ணை "அப்ப பிள்ளை, நான் பூசைக்கு வரட்டோ?" என்று கேட்டார். சின்ன வயதில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டவர். இருபது வருடமாகக் கூப்பிடவில்லை.

நான் தலையை அசைக்கவில்லை. எந்தப் பக்கமும்.