பாரம் ஏறிய கால்

சனிக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸ்.

நாளை கிள்ளானில் பிளாஸ்டிக் மாடல் போட்டி. நான் செய்த போர் விமானத்தைப் பார்த்ததும் என் மனைவி மீனா சிரித்துவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு முன்பு ஆகாயப் படையில் விமானங்களின் சக்கரக்கால்களைப் பராமரித்தவள்.

"டேங்க் நிறைய எண்ணெய், இறக்கையில குண்டு. காலு மட்டும் இன்னும் தரையைத் தொடாத மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. பாரம் ஏறுனா அமுங்கணும்லா!"

ஒட்டி முடித்த காலையா வெட்டுவது? வெட்டினேன். இரண்டே மில்லிமீட்டர். திரும்ப ஒட்டி நிறுத்தினேன். அடேயப்பா, அந்தப் பிளாஸ்டிக்குக்கு டன் கணக்கில் எடை வந்துவிட்டது!

மீனா குனிந்து, விமானக் காலில் அமுங்கி எழும் பளபளப்பான கம்பியைச் சட்டை நுனியால் துடைத்தாள். "தூசி இருந்தா சீல் போயி எண்ணெய் கசிஞ்சிரும்ங்க."

பொம்மை என்பதையே மறந்துவிட்டாள். இனி நடுவர் என்ன சொன்னால் எனக்கென்ன!