இடது காலில் பிரேக்

சமாதானபுரம்,
பாளையங்கோட்டை.

அன்புள்ள மகன் கிங்ஸ்டனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாயிருக்க ஆண்டவரிடம் மன்றாடுகிறேன். எனக்கு மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கட்டு இடது கையில் என்பதால் எழுத முடிகிறது. போனில் சொன்னால் என்ன என்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் தோஹாவுக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டு ஜெசியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது. ஒற்றைக் கையால் குடம் தூக்கி அலுத்துவிட்டது.

வண்டியோடு நாங்கள் விழுந்ததற்கு அன்றைக்கு நீ போனில் அப்பாவைத் திட்டியது எனக்கும் கேட்டது. அறுபத்தெட்டு வயதில் புல்லட் எதற்கு, அம்மாவைக் கொல்லப் பார்த்தீர்களா என்று கேட்டாய். அதிலிருந்து அவர் வண்டியைத் துடைப்பதும் இல்லை, என்னோடு மல்லுக்கு நிற்பதும் இல்லை. சண்டை போடாத உன் அப்பாவோடு எனக்குக் குடித்தனம் பண்ணத் தெரியவில்லை.

அந்த வண்டி எனக்குச் சக்களத்தி என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் ஏறித்தான் நான் ஊரைப் பார்த்தேன். பாபநாசத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருவோம். புன்னக்காயலில் மீன் வாங்கி, வீடு வருமுன் கெட்டுவிட்டதென்று வழி முழுக்கச் சண்டை போடுவோம். பதினைந்து வருடம் அவர் முதுகைப் பார்த்தே போய்விட்டது. என் இடுப்புவலிக்கும் அந்த வண்டிதான் காரணம்.

ஆடு குறுக்கே வந்தது என்று எல்லாரிடமும் சொல்கிறார். ஆடு வந்தது உண்மைதான். ஆனால் தூரத்தில் வந்தது, பிரேக் பிடித்தால் வண்டி நின்றிருக்கும். அவரும் பிடிக்கத்தான் பார்த்தார், இடது காலால். உன் பெரியப்பாவின் பழைய புல்லட்டில்தான் அப்பா வண்டி பழகினார். அதில் பிரேக் இடது காலுக்கு, கியர் வலது காலுக்கு. நம்முடையது பார்க்கத்தான் பழைய புல்லட். கால் வேலையெல்லாம் மற்ற வண்டிகளைப் போல, பிரேக் வலது பக்கம். வாங்கின புதிதில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றிக் காலை மாற்றிப் பழகினார். அதற்குப் பிறகு ஒருநாளும் தடுமாறியதில்லை. அன்றைக்கு இடது கால் கியரை மிதித்து வண்டி வெட்டி இழுத்தது, பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. விழுந்து கிடக்கும்போது, "பிரேக்கத்தான மிதிச்சேன், இன்பம்" என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

கால் தடுமாறியது மட்டும் என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். முந்தாநாள் காய்கறி வாங்கப் போனவர் நேரே மேலப்பாளையத்துக்குப் போயிருக்கிறார். நீ பிறக்குமுன் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். வீட்டுக்காரர் நூர்முகம்மதுதான் போன் செய்தார். "மதினி, அண்ணாச்சி இங்கன வந்து நிக்காவ. கதவு ஏன் பூட்டியிருக்குன்னு கேக்காவ. நீங்க பைய வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவந்தேன். வரும் வழியில் என் கட்டுப் போட்ட கையைத் தடவிப் பார்த்து, இது எப்போது அடிபட்டது என்று கேட்டார். குளிக்கும்போது வழுக்கிவிட்டது என்றேன். பார்த்து நடக்கக் கூடாதா என்று என்னைக் கோபித்துக்கொண்டார். வெகுநாள் கழித்து அவர் கோபப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன்.

டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் என்ன சொல்வாரோ, தனியாகக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பக் களைத்துவிட்டேன், மகனே.

வண்டியை விற்றுவிடலாம், நீ சொன்னது சரிதான். சாவியை நான் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். ஆனால் போனில் அதை அவரிடம் சொல்லாதே. இனிமேல் அவரைத் திட்டவும் செய்யாதே. லீவு கேட்டுப் புறப்பட்டு வா. வந்து நீ ஒருதரம் வண்டியை ஓட்டு, அப்பா உன் பின்னால் உட்காரட்டும். முன்னால் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியும்போதே வந்துவிடு.

கர்த்தர் உன் வழியெல்லாம் கூட வருவாராக.

உன் அம்மா,
இன்பமணி அப்பாத்துரை