காந்தம் ஒட்டாத கதவு

மச்சான், மீன் ஆணம் அடுப்புல மூடியிருக்கு, சூடு பண்ணிக்கங்க. நான் திருப்பத்தூர் தங்கச்சி வீட்டுக்குப் போறேன், நாளைக்கு வந்துருவேன்.

சாயந்திரம் பாண்டீஸ்வரன் உங்களுக்கு விக்கப்பாக்குற அந்தப் பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுவருவாரு. கையெழுத்துப் போட்டுறாதீக. "தெருத் தெருவா வண்டிக் கதை விசாரிக்கிறியே, வெக்கமா இல்ல?"ன்னு கேட்டுட்டு நாலு நாளா நீங்க பேசல. பரவாயில்ல, விசாரிச்சதைக் கேளுங்க. வண்டி போன வருசம் கண்மாய்க்குள்ள கவுந்திருக்கு. இதெல்லாம் டீக்கடையில சொல்லமாட்டாக, குழாயடியிலதான் சொல்லுவாக.

நேத்து அவரு வாசல்ல நிறுத்திட்டு உங்ககூட டீ குடிச்சப்ப, இந்தச் சீட்டைப் பிடிச்சிருக்கிற பிரிட்ஜ் காந்தத்தைக் கதவுல வச்சுப் பார்த்தேன். வழுக்கிக் கீழ விழுந்துருச்சு. பாதிக்கு மேல தகடே இல்ல, பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்கு, கல்யாண வீட்டுப் பவுடர் மாதிரி. பின்னாடி ரப்பர் விரிப்பைத் தூக்கினா பூராம் துரு. குனிஞ்சு பார்த்தா வண்டியைத் தாங்குற சேஸ்ல வெல்டு வச்ச தழும்பு. லோடு ஏத்தினா ரெண்டா மடங்கிரும். அப்ப உள்ள இருக்கப்போறது நீங்க.

பதினோரு வருசம் குவைத்துல இருந்தீக. பேச ஆளில்லாமத்தான் தெருவோட பேசப் பழகினேன்.

ஜாஹிதா

வீட்டைப் பூட்டச் சாவி ஜன்னல்ல இருக்கு. கையெழுத்துக்கு முன்னாடி காந்தத்தை நீங்களே ஒருதரம் வச்சுப் பாருங்க. விழுந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. விழலைன்னாலும் பண்ணுங்க.