அவளுடைய பையைத் திறக்கச் சொன்னேன்

ஞாயிறு இரவு, பதுளை.

இன்று சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் செல்வராணியிடம் தோற்றேன். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ரேட்டிங்கில் எனக்கு மிகவும் கீழே இருக்கிறவள். நடுவிலே அவளே கேட்டாள்: "டிராவா முடிச்சுக்குவோமா சேர்?" பயந்துவிட்டாள் என்று நினைத்து மறுத்தேன். அதன் பிறகு என் ராணி போனது, ஆட்டமும் போனது.

அவள் கை கொடுக்க வந்தாள். நான் எழுந்து நடுவரிடம் போனேன்.

"அந்தப் பொம்பளகிட்ட போன் இருக்கு, அதப் பாத்துத்தான் ஆடினா. பையப் பாருங்க."

எல்லார் முன்னாலும் பையை மேசைமேல் கொட்டினார்கள். ரொட்டி, ஒரு ஸ்வெட்டர், பஸ் டிக்கெட். வேறொன்றும் இல்லை.

"போதுங்களா சேர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள்.

அவள்மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருக்கவில்லை. மூன்று மணி நேரமும் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "என்னங்க, ஜெயிச்சாச்சா?"

"எங்க ஜெயிக்கிறது? அவ கள்ள வேல பாத்துட்டா" என்றேன்.

"தோட்டத்து ஆளுங்களே இப்படித்தான்" என்றாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன்.