கிண்ணத்தில் கண்ட கிருமி

மன்னார்குடி அருகிலிருந்து
14.10.69

அன்பு மகள் சௌந்தரிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால்தான் மழை வருமுன்பே வலித்துச் சொல்லிவிடுகிறது. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளி இல்லாமல் நர்ஸ் டியூட்டிக்குப் போகாதே.

உன் கடிதம் இந்த ஊரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பரம்பரை வியாதி என்று பலரும் நம்பிய காசநோய்க்குக் கிருமிதான் காரணம் என்று எண்பத்தேழு வருஷத்துக்கு முன் பெர்லினில் கோக் என்ற டாக்டர் கண்டுபிடித்தார், நோயாளி குடித்த டம்ளரைக் கொதிக்கவைக்காமல் நாங்கள் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா, பெருமை தாங்காமல் அதை ஆராதனை முடிந்ததும் சபையில் வாசித்துத் தொலைத்தேன். நான் எது சொன்னாலும் கொட்டாவி விடும் நம் சபை மூப்பர், மிராசுதார் தாவீது பிள்ளை, அன்றைக்கே விஞ்ஞானி ஆகிவிட்டார். குறுவை அறுப்புக்கு அரை மரக்கால் நெல் கூடக் கேட்டுக் கீழத்தெருக் கூலியாட்கள் பத்து நாளாக அவர் வயலில் இறங்கவில்லை, வரப்பில் செங்கொடி நிற்கிறது. போலீசை வைத்துப் பணியாதவர்களைக் கிருமியை வைத்துப் பணியவைக்கலாம் என்று கண்டுகொண்டார் மனுஷர். திருவிருந்தில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிப்பது சுகாதாரக் கேடாம், கீழத்தெருவுக்குத் தனிக் கிண்ணமாம், அறுப்புக்கு இறங்கினால் பழையபடி ஒரே கிண்ணமாம். நானா சொல்றேன், வாத்தியார் மகளே ஜெர்மனியிலேருந்து எழுதியிருக்கு என்கிறார். போன வருஷம் அவர் மச்சானே இருமி இருமித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அது வேறு ஜாதிக் கிருமி போலிருக்கிறது!

சபைப் புத்தகத்தில் தீர்மானம் எழுதியாயிற்று, காரணமாக உன் பெயர் போட்டிருக்கிறது. நவம்பர் கடைசி ஞாயிறு ஓட்டெடுப்பு. என்னிடம் படித்த கீழத்தெரு துரைராசு வீட்டுக்கு வந்து, சார், பாப்பாவா எங்களை இப்படி எழுதுச்சு என்று கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது கண்ணு. அடுத்த திருவிருந்தில் அவனுக்குப் பின்னால் போய் நின்று, அவன் குடித்த கிண்ணத்தில் குடித்தேன். மேலத்தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை, வீடு அமைதியாக இருக்கிறது.

நீ உடனே ஏர்மெயிலில் ஒரு கடிதம் போடு. கிருமிக்குத் தெரு தெரியாது, கிண்ணத்தை மாற்றுவதானால் ஆளுக்கொரு கிண்ணம், அத்தனையும் ஒரே அண்டாவில் கொதிக்க வேண்டும் என்று உன் கைப்பட எழுது, சபையில் நானே வாசிக்கிறேன். தாமதித்தால் உன் பெயர் அந்தப் புத்தகத்தில் அப்படியே நின்றுவிடும்.

உன்னையும் நீ பார்க்கும் நோயாளிகளையும் ஆண்டவர் காக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வை. இத்தனை வருஷமும் மேலத்தெருக்காரர்களோடு கீழத்தெருவுக்கு முந்திக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியவன் நானும்தான். அப்போது எந்தக் கிருமிக்குப் பயந்தீங்கப்பா என்று அந்தக் கடிதத்தில் கேட்டுவிடாதே, அதை என்னால் உரக்க வாசிக்க முடியாது.

இப்படிக்கு, உன் அப்பா
ஞா. சத்தியநாதன்